கிராமத்து ஷெரிஃபுக்குச் சம்பளம் எங்கிருந்து வர வேண்டும்? அமெரிக்க மாநிலங்கள் எடுத்த வழிகள், ஓர் ஒப்பீடு

டெக்சாஸ் மாநிலத்தில் மாவட்டம் போன்ற 254 கவுண்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் போலீஸ் தலைவராக, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஷெரிஃப் ஒருவர். அவருக்குக் கீழே ரோந்து போகிற டெபுடிகள், கவுண்டிச் சிறையைப் பார்த்துக்கொள்கிற சிறைக் காவலர்கள். இவர்களுடைய சம்பளம் காலங்காலமாகக் கவுண்டியின் பொறுப்பு. கவுண்டியின் வருமானமோ பெரும்பாலும் சொத்து வரி. நிலமும் வீடும் நல்ல விலை போகும் இடத்தில் போலீஸ்காரருக்கு நல்ல சம்பளம். மானாவாரி நிலமும் மேய்ச்சல் காடும் மட்டுமே உள்ள இடத்தில் அதே வேலைக்கு, அதே துப்பாக்கி ஆபத்துக்கு, பாதிச் சம்பளம்கூடக் கிடைக்காது.

வரியை உயர்த்திச் சமாளிக்கலாமே என்றால் அதற்கும் வரம்பு உண்டு. 2019ல் டெக்சாஸ் சட்டமன்றம் கொண்டுவந்த சொத்து வரிச் சீர்திருத்தத்தின்படி, பராமரிப்புச் செலவுக்கான சொத்து வரி வருமானத்தை ஓராண்டில் 3.5 சதவீதத்துக்கு மேல் கூட்ட நினைக்கும் கவுண்டி பொதுவாக மக்களிடம் வாக்கெடுப்புக்குப் போக வேண்டும். மொத்த வரி வருமானமே சில பத்து லட்சம் டாலர் என்கிற கவுண்டியில் 3.5 சதவீதம் எவ்வளவு வந்துவிடும்? ஒரு சில டெபுடிகளின் சம்பளத்துக்குத்தான் காணும். சின்னத் தொகை உயர்வுக்குச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது, ஆனாலும் வரி போடத்தக்க சொத்தே குறைவான இடத்தில் வரியை அதிகம் ஏற்ற முடியாது. விளைவு எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆளை எடுத்து, பயிற்சி கொடுத்து, உரிமம் வாங்கித் தந்தால், ஒன்றிரண்டு வருடத்தில் அவர் டல்லாஸ் புறநகர்ப் பக்கம் போய்விடுவார். மேற்கே எண்ணெய் வயல் பகுதி என்றால் லாரி ஓட்டப் போய்விடுவார். அங்கே அதிகம் கிடைக்கிறது.

ஆக, மாநில அரசு கை கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் வழி மாறுகிறது. கவுண்டிக்கு மொத்தமாகக் கொடுப்பதா, ஒவ்வொரு காவலர் கையிலும் கொடுப்பதா, ஒரே முறை ஊக்கத்தொகையாகக் கொடுத்து முடிப்பதா, உள்ளூர்ப் போலீஸே வேண்டாம் என்று மாநிலப் போலீஸையே அனுப்பிவிடுவதா? இந்த நான்கையும் அமெரிக்காவில் ஏதோ ஒரு மாநிலம் செய்துகொண்டோ செய்து பார்த்தோ இருக்கிறது. அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பதற்கே இந்தக் கட்டுரை. டெக்சாஸைப் பற்றி அதிகம் பேசப்போகிறேன். அண்மையில் வந்த திட்டங்களில் பெரியதும், நுணுக்கமாக ஆராய வேண்டியதும் அதுதான்.

டெக்சாஸ்: கவுண்டிக்கு மொத்தத் தொகை, கூடவே ஒரு நிபந்தனை

2023ல் டெக்சாஸ் சட்டமன்றம் செனட் மசோதா 22ஐ நிறைவேற்றியது. அந்த ஆண்டு செப்டம்பர் 1ல் அது நடைமுறைக்கு வந்தது. இரண்டாண்டு பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கியது சுமார் 33 கோடி டாலர். மாநிலக் கணக்குத் துறைத் தலைவரான கம்ப்ட்ரோலரின் அலுவலகம் பணத்தைப் பிரித்துத் தருகிறது.

3 லட்சம் அல்லது அதற்குக் குறைவான மக்கள் தொகை உள்ள கவுண்டிகள் எல்லாம் விண்ணப்பிக்கலாம். 10,000க்குக் குறைவான மக்கள் என்றால் ஷெரிஃப் அலுவலகத்துக்கு ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர். 10,000 முதல் 50,000 வரை என்றால் 3.5 லட்சம். அதற்கு மேல், 3 லட்சம் மக்கள் வரை, 5 லட்சம் டாலர்.

பணத்தை வாங்குகிற கவுண்டி முதலில் குறைந்தபட்சச் சம்பளத்தை எட்ட வேண்டும். ஷெரிஃபுக்கு ஆண்டுக்கு 75,000 டாலர். வழக்கமான பணியில் வாகனங்களை நிறுத்திச் சோதிக்கும் டெபுடிக்கு 45,000. கைதிகளின் பாதுகாப்பைப் பார்க்கும் சிறைக் காவலருக்கு 40,000. இவ்வளவையும் கொடுத்த பிறகு மீதம் இருந்தால் சம்பளத்தை மேலும் உயர்த்தலாம், புதிதாக ஆள் எடுக்கலாம், வண்டி, துப்பாக்கி, பாதுகாப்புக் கருவிகள் வாங்கலாம். மாநிலப் பணம் வந்துவிட்டது என்று ஷெரிஃப் அலுவலகத்துக்குக் கவுண்டி தன் கையில் இருந்து கொடுத்துவந்ததைக் குறைக்கக் கூடாது. அரசு வழக்கறிஞர் அலுவலகங்களுக்கும் தனியே 1 லட்சம், 1.75 லட்சம், 2.75 லட்சம் என்று மூன்று படிகளில் மானியம் உண்டு. கான்ஸ்டபிள்கள் அங்கே மக்கள் தேர்ந்தெடுக்கும் அதிகாரிகள். அவர்களுக்கும் 45,000 டாலர் என்று குறைந்தபட்சம் வைத்திருக்கிறார்கள்.

இந்த நிபந்தனையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். மானியம் என்ற பெயரில் உள்ளாட்சிக்குப் போகும் பணம் சாலைக்கும் கட்டடத்துக்கும் கரைந்துபோவது எந்த நாட்டிலும் நடப்பது. இங்கே பணம் முதலில் ஆளின் கையில் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்று சட்டமே கட்டுகிறது.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டால் விளங்கும். கற்பனையான ஒரு கவுண்டி, 18,000 மக்கள். ஷெரிஃப் 58,000 டாலர் வாங்குகிறார். 12 டெபுடிகள், தலைக்கு 38,000. 14 சிறைக் காவலர்கள், தலைக்கு 33,000. குறைந்தபட்சத்தை எட்ட ஷெரிஃபுக்கு 17,000, டெபுடிகளுக்கு 84,000, சிறைக் காவலர்களுக்கு 98,000 டாலர் வேண்டும். கூட்டினால் 1,99,000. கையில் வருவது 3,50,000. மீதி 1,51,000. இதில் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இரண்டுக்கும் முதலாளி செலுத்த வேண்டிய 7.65 சதவீதப் பங்கு இருக்கிறது. 1,99,000 உயர்வுக்கு அது சுமார் 15,200 டாலர். ஓய்வூதிய நிதிக்குக் கவுண்டி கட்டுவதும் சம்பளத்தோடு சேர்ந்தே ஏறும். இந்தச் செலவுக்கு எங்கிருந்தாவது வழி கண்டாக வேண்டும். அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் இரண்டு புதிய டெபுடிகளை 45,000 சம்பளத்தில் எடுக்க இடம் இருக்கிறது. 12 பேர் 14 பேர் ஆவது சின்ன விஷயம் இல்லை. பகல், இரவு, வாரக் கடைசி, விடுப்பு, நீதிமன்ற சாட்சி என்று முறை போட்டால் 12 பேர் உள்ள இடத்தில் நள்ளிரவில் ரோந்தில் இருப்பவர் பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான்.

இதையே 80,000 மக்கள் உள்ள கவுண்டிக்குப் போட்டுப் பாருங்கள். 60 டெபுடிகள், 70 சிறைக் காவலர்கள் என்று வைப்போம். கிடைப்பது 5 லட்சம். 130 பேருக்குப் பங்கு வைத்தால் தலைக்கு 3,846 டாலர். முந்தைய கவுண்டியில் 26 பேருக்கு 3,50,000 என்றால் தலைக்கு சுமார் 13,500. பெரிய கவுண்டியில் ஒவ்வொருவரும் குறைந்தபட்சத்துக்கு 5,000 டாலர் கீழே இருந்தால் தேவை 6.5 லட்சம். மானியம் போதாது, மீதி 1.5 லட்சத்தைக் கவுண்டியே போட வேண்டும். சிறிய கவுண்டிகளைத் தூக்கிவிடுவதுதான் நோக்கம் என்றால் இந்தச் சாய்வு சரியே. நடுத்தரக் கவுண்டிகளின் ஷெரிஃபுகள் பக்கத்துச் சின்னக் கவுண்டியிடம் ஆளை இழப்போமோ என்று கவலைப்பட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது.

மக்கள் தொகை என்னும் அளவுகோல்

டெக்சாஸ் திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான்.

மாநிலத்தின் பரப்பில் பெரிய கவுண்டி ப்ரூஸ்டர். மெக்சிகோ எல்லையில், பிக் பெண்ட் தேசியப் பூங்கா இருக்கும் இடம். சுமார் 16,000 சதுர கிலோமீட்டர், கனெக்டிகட் என்ற முழு மாநிலத்தைவிடப் பெரிது. 2020 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 9,546 பேர். 10,000க்குக் கீழ் என்பதால் 2.5 லட்சம் டாலர் படி. பரப்பில் ஆகச் சிறிய கவுண்டி ராக்வால். டல்லாஸுக்குக் கிழக்கே, ஏரிக்கரையில் புறநகர் வீடுகள் பெருகிய, மாநிலத்திலேயே குடும்ப வருமானம் அதிகமுள்ள கவுண்டிகளில் ஒன்று. 2020ல் 1,07,819 பேர். சட்டத்தின் கணக்கில் இதுவும் 'கிராமப்புறம்'தான், 5 லட்சம் படி. ப்ரூஸ்டரில் அதைப்போல நாற்பது ராக்வால்களை அடக்கலாம். ஓர் அழைப்புக்கு டெபுடி ஒருவர் நூறு கிலோமீட்டர் ஓட்டிப் போக நேரும் இடம் எது, அடுத்த தெருவுக்குப் போகும் இடம் எது என்று மக்கள் தொகை எண் சொல்லாது.

மறுபக்கம் லவிங் கவுண்டி. 2020 கணக்கெடுப்பில் 64 பேர். இதுவும் 2.5 லட்சம் டாலர் படியில் வருகிறது, தலைக்குக் கணக்குப் போட்டால் 3,900 டாலர். ஆனால் லவிங் ஏழைக் கவுண்டி இல்லை. பெர்மியன் படுகையின் எண்ணெய்க் கிணறுகள் அங்கே இருக்கின்றன, வரி விதிக்கத்தக்க சொத்து மதிப்பு கொட்டிக் கிடக்கிறது. அதே படியில், எண்ணெயும் இல்லாமல் காற்றாலையும் இல்லாமல் பருத்தியை நம்பி 9,000 பேர் வாழும் கவுண்டியும் நிற்கிறது.

படிகளின் ஓரம் இன்னொரு தொல்லை. 9,999 பேர் என்றால் 2.5 லட்சம், 10,000 என்றால் 3.5 லட்சம். ஒரே ஒரு ஆள் கூடினால் ஒரு லட்சம் டாலர். லபக் கவுண்டியில் 2020ல் 3,10,639 பேர் இருந்தார்கள், அதனால் வெளியே. வேக்கோ நகரம் உள்ள மெக்லெனன் கவுண்டியில் 2,60,579 பேர், அதனால் உள்ளே. இரண்டுமே நடுவில் ஒரு பெரிய நகரமும் சுற்றிலும் விவசாயமும் உள்ள கவுண்டிகள்தான்.

இதற்கு மாற்றுக் கோல் இல்லாமல் இல்லை. ஃப்ளோரிடா நெடுங்காலமாக 'நிதி நெருக்கடிக் கவுண்டி' என்ற ஒரு வரையறையை வைத்திருக்கிறது. ஆயிரம் டாலர் சொத்து மதிப்புக்கு ஒரு டாலர் வீதம் வரி போட்டால் மொத்தம் 50 லட்சம் டாலருக்கு மேல் தேறாத கவுண்டிகள் அதில் வரும். 67 கவுண்டிகளில் 29 இப்படிப்பட்டவை என்று எண்ணப்பட்டன. எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று பார்க்காமல், வரி போட்டால் எவ்வளவு தேறும் என்று பார்க்கிறது. சம்பளம் கொடுக்க முடியாமைக்குக் காரணமே வரி தேறாமைதான் என்றால், அளக்க வேண்டியது அதைத்தான்.

டெக்சாஸ் சட்டத்துக்குள் இன்னொரு சின்ன இடமும் மனதை உறுத்துகிறது. ஷெரிஃப் அலுவலகத்தில் கட்டாயக் குறைந்தபட்சம் மூன்று வகையினருக்கு மட்டும். அவசர உதவி எண்ணான 911க்கு வரும் அழைப்பை எடுத்து, வயர்லெஸ்ஸில் டெபுடியை அனுப்பி, அவர் பத்திரமாகத் திரும்பும் வரை காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பவர் அந்த மூன்றில் இல்லை. பல சிறிய கவுண்டிகளில் சிறையும் வயர்லெஸ் அறையும் ஒரே கட்டடம், சில இடங்களில் ஒரே ஆள் இரண்டையும் பார்ப்பார். தனித்தனியாக இருக்கும் இடத்தில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் சிறைக் காவலருக்கு 40,000 உறுதி, அதாவது வாரம் 40 மணி நேரக் கணக்கில் மணிக்கு 19 டாலருக்குச் சற்று மேல். அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கவுண்டி பார்த்துக் கொடுப்பதுதான். கவுண்டி குமாஸ்தாவும், வரி அதிகாரியும், அமைதி நீதிபதிகளும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறார்கள். ஷெரிஃபின் சம்பளம் ஒரே ஆண்டில் 75,000க்கு ஏறும்போது அவர்களும் தங்கள் தேர்தல் பதவிக்கு என்ன மதிப்பு என்று கேட்பார்கள். கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர்கள் மன்றம் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கென்டக்கி: காவலரின் பெயருக்கே பணம்

கென்டக்கி எடுத்தது முற்றிலும் வேறு பாதை, ஐம்பது ஆண்டுக்கும் மேல் பழையது. 1972ல் அங்கே ஒரு நிதி உருவானது. ஆண்டுக்கு 40 மணி நேரம் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியை முடிக்கிற உள்ளூர்க் காவலருக்கு மாநிலம் ஒரு ஊக்கத்தொகை தருகிறது. இப்போது அது ஆண்டுக்கு 4,000 டாலருக்கு மேல். நகரப் போலீஸ், ஷெரிஃபின் டெபுடி என்ற பேதம் இல்லை.

இதில் என்னை மிகவும் கவர்வது பணம் வரும் வழி. மாநிலத்தில் விற்கும் காப்பீட்டு பாலிசிகளின் பிரீமியத்தின் மேல் 1.8 சதவீதக் கூடுதல் கட்டணம் வசூலிக்கிறார்கள். அது காவலர்களுக்கும் தீயணைப்பாளர்களுக்கும் என்று ஒதுக்கிய நிதிகளுக்குப் போகிறது. சட்டமன்றத்தில் ஒவ்வொரு முறையும் கையேந்த வேண்டியதில்லை. பிரீமியம் ஏறினால் நிதியும் ஏறும்.

டெக்சாஸ் அப்படி இல்லை. அங்கே சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, ஒற்றைப்படை ஆண்டுகளில், 140 நாள் கூடுகிறது. அப்போது போடும் பட்ஜெட் இரண்டு ஆண்டுக்கு. மானியத் திட்டம் சட்டத்தில் இருக்கும், பணம் பட்ஜெட்டில் இருக்க வேண்டும். கவுண்டி கமிஷனர் ஒருவரின் இடத்தில் நின்று யோசித்தால் இது எவ்வளவு பெரிய அச்சம் என்று தெரியும். வண்டி வாங்கிவிட்டால் அடுத்த வருடம் மானியம் நின்றாலும் வண்டி ஓடும். சம்பளத்தை 38,000ல் இருந்து 45,000க்கு ஏற்றிவிட்டு, இரண்டு வருடம் கழித்து மறுபடியும் 38,000 என்று யாரிடம் போய்ச் சொல்வது? சம்பளம் நிரந்தரச் செலவு. இரண்டாண்டு உறுதியோடு வரும் பணத்தில் அதை நிறுத்திவைப்பது துணிச்சல்தான்.

ஆனால் கென்டக்கி முறையால் கிராமத்துக்கும் நகரத்துக்கும் உள்ள இடைவெளி குறையாது. 32,000 சம்பளம் வாங்குபவருக்கும் 60,000 வாங்குபவருக்கும் ஒரே 4,000. மேலே கற்பனை செய்த 12 டெபுடி கவுண்டிக்கு இந்த முறையில் வருவது 48,000 டாலர், சிறைக் காவலர்களுக்கு ஒன்றும் இல்லை. டெக்சாஸ் வழியில் அதே கவுண்டிக்கு 3.5 லட்சம். ஆக, கென்டக்கியின் பலம் பயிற்சியிலும் நிலைத்தன்மையிலும் இருக்கிறது. ஏழைக் கவுண்டியைக் கரையேற்றும் அளவுக்கு அதில் தொகை இல்லை.

லூசியானாவிலும் இதே வகை. நகரப் போலீஸ், தீயணைப்பாளர், டெபுடிகள் எல்லாருக்கும் மாநிலம் மாதாமாதம் துணைச் சம்பளம் தருகிறது. பல ஆண்டுகள் அது மாதம் 500 டாலராகவே நின்றது. சட்டத்தில் எழுதிய நிலையான தொகை விலைவாசியோடு ஓடாது என்பதற்கு அதுவே உதாரணம். நியூ ஆர்லியன்ஸ் காவலருக்கும் சதுப்பு நில ஓரத்து டெபுடிக்கும் ஒரே தொகை என்பதால் கிராமத்துக்கென்று சாய்வும் இல்லை.

மற்ற வழிகள்

ஆர்க்கன்சஸ் 2022ல் உள்ளூர்க் காவலர்களுக்குத் தலா 5,000 டாலர் கொடுத்தது, ஒரே முறை. வாங்கியவர்களுக்கு அது நல்ல காரியம், அந்த வருடம் ஒரு கடனை அடைத்திருப்பார்கள். ஆனால் வேலையை விடலாமா என்று யோசிப்பவர் பார்ப்பது அடுத்த ஐந்து வருடச் சம்பளத்தை. உபரி கிடைத்த வருடத்தில் நன்றி சொல்வதற்கு இது பொருத்தம், ஆளைத் தக்கவைக்கும் திட்டமாக இதை எண்ணக் கூடாது.

கலிஃபோர்னியா 2001ல் 37 சிறிய, கிராமப்புறக் கவுண்டிகளின் ஷெரிஃப் அலுவலகங்களுக்குத் தலா 5 லட்சம் டாலர், மொத்தம் 1.85 கோடி என்று ஒரு திட்டம் போட்டது. எல்லாருக்கும் ஒரே தொகை, குறைந்தபட்சச் சம்பளம் என்ற கட்டும் இல்லை. ஷெரிஃபுக்கு வேண்டிய இடத்தில் செலவழிக்கும் சுதந்திரம் கிடைத்தது. சிறையும் ரோந்தும் எங்கே ஓட்டையோ அங்கே அடைத்துக்கொள்ளலாம். ஆனால் 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு பொது நிதியில் இருந்து இதைத் தூக்கி வாகன உரிமக் கட்டணத்துக்கு மாற்றினார்கள். பணத்தின் ஊற்று உறுதியாக இல்லாவிட்டால் நல்ல திட்டமும் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் தன் உயிருக்கு வாதாட வேண்டியிருக்கும்.

மத்திய அரசின் காப்ஸ் திட்டம் 1994 குற்றத் தடுப்புச் சட்டத்தில் பிறந்தது. மூன்று ஆண்டுக்குப் புதிய அதிகாரியின் தொடக்கச் சம்பளத்திலும் சலுகைகளிலும் 75 சதவீதம் வரை, ஒரு பதவிக்கு 1.25 லட்சம் டாலர் உச்சவரம்போடு தருகிறது. மீதி 25 சதவீதம் உள்ளூர் போட வேண்டும். மானியம் முடிந்த பிறகு ஒரு வருடமாவது அந்தப் பதவியைத் தன் செலவில் வைத்திருக்க வேண்டும். இருக்கிற டெபுடியின் சம்பளத்தை உயர்த்த இது உதவாது. புது ஆள் எடுக்கத்தான். இருப்பவரே போய்க்கொண்டிருக்கும் இடத்தில் புது ஆளை எடுத்து என்ன பயன்? கால் பங்கு போடவும் முடியாத கவுண்டிகள் விண்ணப்பத்தையே தொடமாட்டார்கள்.

பென்சில்வேனியாவின் வழி வேறு. அங்கே ஏறத்தாழப் பாதி உள்ளாட்சிகளுக்குச் சொந்தமாக முழு நேரப் போலீஸ் கிடையாது, மாநிலப் போலீஸே வந்து பார்க்கிறது, அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. ஏழை ஊருக்கு இது பெரும் நிம்மதி. ஆனால் சொந்தப் போலீஸுக்கு வரி கட்டும் பக்கத்து ஊர்க்காரர் மாநில வரியும் கட்டி, அடுத்த ஊரின் பாதுகாப்புக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். 2017ல் அப்போதைய ஆளுநர் டாம் வுல்ஃப் இத்தகைய ஊர்களில் தலைக்கு 25 டாலர் கட்டணம் போடலாம் என்றார், சட்டமன்றத்தில் எடுபடவில்லை. ஒரு முறை இலவசமாகக் கொடுத்ததற்குப் பிறகு விலை வைப்பது லேசில் முடியாது.

அலாஸ்காவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சாலையே போகாத, விமானத்திலோ படகிலோதான் எட்ட முடிகிற பூர்வகுடிக் கிராமங்கள் அங்கே நூற்றுக்கும் மேல். அவற்றுக்காகக் கிராமப் பொதுப் பாதுகாப்பு அதிகாரி என்ற பதவியை உருவாக்கி, பூர்வகுடிகளின் வட்டார லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு மாநிலம் மானியம் தருகிறது. அந்த அமைப்புகளே ஆளை எடுத்து வேலைக்கு வைக்கும். சம்பளச் சுமை முழுவதும் மாநிலத்துடையது, அந்த வகையில் தாராளமான முறை. இருந்தும் ஒரு காலத்தில் நூறு பேர் அளவுக்கு இருந்த அதிகாரிகள் 2019 வாக்கில் பாதிக்கும் கீழே போனார்கள். கிராமத்தில் தங்க வீடு இல்லை. துணைக்கு இன்னொரு காவலர் இல்லை. 2014ல் சட்டம் மாறும் வரை துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதியும் இல்லாமல் வேலை பார்த்தார்கள். பதவிகள் நிரம்பாததால் பணம் செலவாகவில்லை, செலவாகவில்லையே என்று நிதியை வெட்டினார்கள். 2019 ஜூனில் அமெரிக்க அட்டார்னி ஜெனரல் வில்லியம் பார் அலாஸ்காவின் கிராமப்புறத்துக்குச் சட்டம் ஒழுங்கு அவசர நிலையை அறிவித்து 1.05 கோடி டாலரை விடுவிக்க வேண்டிய நிலை வந்தது. சம்பள மானியத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதை அலாஸ்காவைப் போல வேறு எந்த மாநிலமும் காட்டவில்லை. வீடும் துணையும் இல்லாத இடத்தில் சம்பளத்தை மட்டும் ஏற்றினால் விண்ணப்பம் வராது.

எதைத் தேர்ந்தெடுப்பது

மாநிலச் சட்டமன்றத்தில் வாக்குப் போடுகிற இடத்தில் இருந்தால் என் கை டெக்சாஸ் வடிவத்துக்குத்தான் தூக்கும், மூன்று திருத்தங்களோடு. குறைந்தபட்சச் சம்பள நிபந்தனை அப்படியே இருக்கட்டும், வயர்லெஸ் அறையில் இருப்பவரையும் அதில் சேர்க்க வேண்டும். தொகையை மூன்று படியாகப் பிரிக்காமல், குறைந்தபட்சத்தை எட்ட எவ்வளவு பற்றாக்குறை, அதில் எவ்வளவைக் கவுண்டியால் வரி போட்டு எடுக்க முடியும் என்று பார்த்து மீதியைத் தர வேண்டும். ஒரே அச்சம், சம்பளத்தை வேண்டுமென்றே தாழ்த்தி வைத்திருந்த கவுண்டிக்கு இதில் பரிசு கிடைத்துவிடும். அதனால் பற்றாக்குறையைத் திட்டம் வருவதற்கு முந்தைய ஒரு ஆண்டின் சம்பளப் பட்டியலோடு பூட்டிவிட வேண்டும். ஏற்கனவே தன் செலவில் சம்பளத்தை உயர்த்தியிருந்த கவுண்டிக்கும் ஒரு அடிப்படைத் தொகை போக வேண்டும். டெக்சாஸ் சட்டம் இந்த விஷயத்தில் நியாயமாகவே இருக்கிறது. குறைந்தபட்சத்தை முன்பே எட்டியவர்கள் முழு மானியத்தையும் ஆளுக்கும் வண்டிக்கும் போடலாம். மூன்றாவது திருத்தம் கென்டக்கியிடம் கடன் வாங்குவது. இன்ன வருமானம் இந்தத் திட்டத்துக்கு என்று தனியே ஒதுக்கிவிட வேண்டும்.

கமிஷனர்கள் மன்றத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தத் திருத்தங்கள் வரும் வரை காத்திருக்க நேரம் இல்லை. நிதியாண்டு தொடங்கி 30 நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். குறைந்தபட்சத்தை எட்டிய பிறகு மிஞ்சும் பணத்தைச் சம்பளத்தில் போடுவதா, ஆளில் போடுவதா, வண்டியில் போடுவதா என்பதுதான் அவருடைய தீர்மானம். மூன்றும் சரியென்றாலும், நான் முதலில் சிறையைப் பார்ப்பேன். டெக்சாஸ் சிறைத் தர ஆணையத்தின் விதிப்படி 48 கைதிக்கு ஒரு காவலர் இருந்தாக வேண்டும். ஆள் குறைந்தால் கைதிகளை வேறு கவுண்டிக்கு அனுப்பி, நாள் வாடகை கட்ட வேண்டும். அழைத்துப் போகவும் கூட்டி வரவும் ரோந்தில் இருக்க வேண்டிய டெபுடி வண்டியை எடுத்துக்கொண்டு போவார், அந்த நேரம் கவுண்டியின் பாதிக்கு ரோந்தே இருக்காது. சிறைக் காவலர் சம்பளத்தை 40,000த்தோடு நிறுத்தாமல் 42,000, 43,000 என்று ஏற்றி, இருப்பவரை இருத்திக்கொண்டால் ரோந்தும் தானே மீளும். வண்டியை இரண்டாம் ஆண்டில் வாங்கலாம். மானியம் நின்றுபோகும் அபாயத்தை நினைத்து, புதிய பதவிகளை ஒன்றோ இரண்டோடு நிறுத்திக்கொள்வதும் நல்லது.

நகரப் போலீஸைப் பற்றி டெக்சாஸ் சட்டம் ஒன்றும் சொல்லாததுதான் பெரிய விடுபடல். கவுண்டித் தலைநகரான 4,000 பேர் கொண்ட ஊரில் ஐந்தோ ஆறோ பேர் உள்ள நகரப் போலீஸ் இருக்கும். ஷெரிஃப் அலுவலகம் அதே தெருவில் இருக்கும். நேற்று வரை இரண்டிலும் ஒரே மாதிரிச் சம்பளம். மானியம் வந்ததும் ஷெரிஃப் அலுவலகத்தில் 45,000 கட்டாயம், நகரத்துக்கு ஒரு டாலர்கூட இல்லை. அதே உரிமம், அதே அனுபவம், சீருடையை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். ஊரின் ஆறு பேரில் இரண்டு பேர் போய்விட்டால் இரவுப் பணிக்கு ஆள் கிடையாது, அந்த அழைப்புகளும் ஷெரிஃபிடமே வரும். 5,000 பேருக்கும் குறைவான நகரங்களின் போலீஸையும் சேர்த்து ஒரே சம்பளக் கணக்கில் வைக்கலாம். அது முடியாதென்றால், நகரமும் கவுண்டியும் ஒப்பந்தம் போட்டு ஒரே படையாக இணைய மானியத்தில் ஒரு பங்கை ஒதுக்கலாம். கென்டக்கியின் ஊக்கத்தொகை இரு தரப்புக்கும் சேர்த்தே போகிறது. டெக்சாஸ் அடுத்து கூடும்போது மற்றத் திருத்தங்கள் தள்ளிப்போனாலும் இதை முதலில் எடுக்க வேண்டும்.